மேலடுக்கில் கால்சியம்

குற்றாலத்தில் எண்ணெய்ப் பலகைமேல் குப்புறப் படுத்துக் கிடந்தார் பேராசிரியர் வல்லிநாயகம். முதுகு ரோமமெல்லாம் எண்ணெயில் ஒட்டிக்கிடந்தது. கீழே வாய்க்காலில் யார் யாரோ தேய்த்துக் குளித்த ஷாம்பு நுரை போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற அவருடைய ஆராய்ச்சி மாணவி ஸ்ரீமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கையெழுத்துப் போட்டுட்டியாம்மா?"

போடவில்லை. நிக்கல் தகட்டைச் சூடாக்கினால் உள்ளே கிடக்கும் கால்சியம் மேலே ஏறி வருகிறது என்ற அவர்களுடைய கட்டுரையைப் பத்திரிகை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒப்புதல் தாளில் அவள் கையெழுத்துதான் பாக்கி. கட்டுரை வந்தால்தான் அவளுக்கு முனைவர் பட்டம்.

ஹீலியம் அயனிகளைத் தகட்டின்மேல் மோதவிடுவார்கள். திரும்பி வருகிற அயனியிடம் மிஞ்சிய ஆற்றலை அளந்தால், அது எந்த அணுவில் மோதியது என்று தெரிந்துவிடும். அது காட்டுவது ஆக மேலே உள்ள ஒரே ஒரு அணு அடுக்கைத்தான்.

போன வாரம் சார் ஊரில் இல்லை. அவளே இடுக்கியால் எடுத்துவைத்து நாலு தகடுகளைச் சூடாக்கி அளந்தாள். ஒன்றிலும் கால்சியம் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. ஒவ்வொரு தகட்டையும் உள்ளே அனுப்புமுன் சார் கையுறையைக் கழற்றுவார். "காசிவிஸ்வநாதா" என்று திருநீற்று விரலால் அதன்மேல் பட்டும் படாமல் இழுத்து, வாயால் ஊதிவிடுவார். சாம்பலில் கால்சியம் இல்லாமலா? அவளும் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டவள்தான்.

"சார், அது திருநீறு. உள்ள இருந்து வந்தது இல்ல."

எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த செல்லச்சாமியின் கை நின்றது.

"நீங்க தேயுங்க அண்ணாச்சி," என்ற சார், குரலைத் தணித்தார். "எனக்குத் தெரியாதுன்னா நெனைக்க? ரெண்டு மாசமாத் தெரியும்."

தெரியாமல் செய்த தப்பு என்றுதான் அவள் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"தெரிஞ்சுமா அனுப்புதிய?"

"எவன் வந்து நம்ம தகட்ட நக்கிப் பாக்கப் போறான்? சாமி குடுத்த ரிசல்ட்டுன்னு வச்சுக்கோ." சிரித்ததில் இடுப்புச் சதை குலுங்கியது.

"சிரிக்காதிய சார், கை வழுக்குது," என்றார் செல்லச்சாமி.

எண்ணெய் சொட்டும் கையைச் சார் அவள் பக்கம் நீட்டினார். "பேப்பரக் கொண்டா."

அவள் பின்வாங்கினாள். செல்போனை எடுத்துத் தட்டத் தொடங்கினாள்.

"ஏட்டி, யாருக்கு?"

"பத்திரிகைக்கு. நாலு தகட்டு அளவும் சேத்து அனுப்பிட்டேன்."

அவர் துள்ளி எழுந்தார். நெற்றி எண்ணெய் கண்ணில் இறங்கியது. "ஏட்டி, நான் கையெழுத்துப் போடாம நீ எப்படி டாக்டராகுதேன்னு பாக்கேன்!" கண்ணைத் திறக்க முடியாமல், அவள் என்று நினைத்துச் செல்லச்சாமி நின்ற பக்கம் திரும்பிக் கத்தினார்.

தென்காசி பஸ்ஸில் ஏறியவளால் இலஞ்சி தாண்ட முடியவில்லை. இறங்கி வேலியோரம் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்தபிறகும், மூன்று வருஷமாக அந்தத் தகடுகளை அவரிடம் பயபக்தியோடு நீட்டிய தன் கைகளைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.