அலமாரியில் விழித்துக்கொண்ட டைவ் கம்ப்யூட்டர்

புதுச்சேரியில் ஆழ்கடல் பார்க்க வருபவர்களைக் கடலுக்குள் அழைத்துப்போகும் வேலை செழியனுக்கு. விடுமுறைக்கு வேங்கிக்கால் வீட்டுக்கு வந்திருந்தான். எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று காட்டும், கையில் கட்டிக்கொள்ளும் அவனுடைய டைவ் கம்ப்யூட்டர், அலமாரிக்குள் தானாகவே விழித்துக்கொண்டது. அணைந்த சற்று நேரத்தில் திரை மறுபடி ஒளிர்ந்தது. புது பேட்டரி போட்டும் நிற்கவில்லை. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

“தண்ணியில இருக்கோம்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?” என்று மனைவி கவிநிலா கேட்டாள்.

“பின்னாடி ரெண்டு மெட்டல் பொட்டு இருக்குது. அது நனைஞ்சா ஆன் ஆயிடும். அலமாரியில ஏது ஈரம்?”

சொல்லிக்கொண்டே திருப்பிப் பார்த்தான். பொட்டுகளுக்கு நடுவே உப்பு வெள்ளையாகப் படிந்து, மழைக்காலக் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்தான். திரை அணைந்தது. மறுநாளும் ஒளிரவில்லை.

“சரியாயிடுச்சு இல்ல?”

“ஆயிடுச்சு. ஆனா தினமும் கழுவித்தான் வைக்கிறேன். உப்பு எப்படித் தங்குச்சுனுதான் தெரியல.”

உப்பு உள்ளேயும் புகுந்து ஆழத்தைத் தவறாகக் காட்டிவிடுமோ என்று, அடுத்த முறை கடலில் இறங்கும்போது, உடன் வேலை செய்யும் நண்பனுடையதையும் கட்டிக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதென்று முடிவு செய்தான்.