பதினேழாவது முட்டை

தைப்பிங்கில் சோம் அக்காவின் கொய்தியாவ் நூடுல்ஸ் கடையில் டத்தோ தாஜூடின் உட்கார்ந்து இருபது நிமிடமாயிற்று. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுல்தானிடம் அந்த டத்தோ பட்டம் வாங்கி மூன்று மாதம்தான். அதற்குள் தான் குனிந்தால் நாற்காலி தானாக வந்து நிற்கும் என்று அவன் உடம்பு பழகியிருந்தது. பள்ளித் தோழனை ‘டத்தோ’ என்று கிண்டலாகக் கூப்பிடத் தொடங்கியவன் நான்தான். பிறகு கிண்டல் போய் டத்தோ மட்டும் நின்றுவிட்டது.

“முட்டை எங்க?” என்றாள் சோம் அக்கா, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாற்பது வருடத்தில் அந்தக் கடையின் வழக்கத்தை அவன் மறந்திருந்தான். கொய்தியாவும் இறாலும் சிப்பியும் அவளுடையவை, முட்டை நம்முடையது. பென்சிலால் பெயரெழுதி அடுப்போரத் தட்டில் வைக்க வேண்டும். முட்டை வரிசைதான் ஆள் வரிசை. கரியடுப்பில் ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான்.

டிரைவர் ஓடிப்போய் எதிர்க்கடையில் ஒரு முட்டை வாங்கி, பட்டங்களை ஒன்றுவிடாமல் எழுதினான். எழுத்து முட்டையைச் சுற்றி வந்து, அப்பா பெயருக்கு இடமில்லாமல் முதல் ‘டத்தோ’வின் மேலேயே முட்டிக்கொண்டு நின்றது.

சோம் அக்கா கண்ணைச் சுருக்கினாள். “இதென்ன முட்டையா, கல்யாணப் பத்திரிகையா?”

கடையே சிரித்தது. முட்டை பதினேழாவதாகப் போய் உட்கார்ந்தது.

அவன் சிரிக்கவில்லை. “என்னைத் தெரியலையாடா அவங்களுக்கு?”

“அப்ப உனக்குத் தொப்பையும் இல்ல, பட்டமும் இல்ல.”

“அம்மா அடக்கத்தன்னிக்குக்கூட எல்லாரும் டத்தோ டத்தோன்னுதான் தோளைத் தட்டினாங்க. தாஜூன்னு கூப்பிட இனி இவங்க ஒருத்தர்தான் மிச்சம், நாகா.”

“போய்ச் சொல்லேன்.”

“சொல்லிக் கூப்பிட வச்சா, அதுவும் டத்தோ மாதிரிதானே ஆயிடும்?”

பட்டம் வாங்கிய பின் அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

பத்து வயதில் எங்கள் இருவருக்கும் ஒரே வாத்து முட்டை, அவன் அம்மா வளர்த்த வாத்தினுடையது. பெயரெழுதச் சோம்பல்பட்டு, சொங்கோக் தொப்பி போட்ட மீன் ஒன்றை வரைந்து வைப்பான். “தாஜூ, உன் மீனு வெந்துருச்சு, ஓடியா!” என்பாள் சோம் அக்கா. தெருமுனைவரை கேட்கும். ஒரு தட்டு, இரண்டு கரண்டி. கடைசிச் சிப்பிக்கு மட்டும் சண்டை.

சட்டென்று எழுந்து போனான். எச்சில் தொட்டு, பாத்திக் சட்டையின் நுனியால் முட்டையைத் துடைத்தான். பட்டங்கள் கரைந்து ஓடு சாம்பல் நிறமாயிற்று. பென்சிலை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு எதையோ வரைந்தான். அதே பதினேழாம் இடத்தில் வைத்துவிட்டு வந்தான்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை இரைய, முட்டைகள் ஒவ்வொன்றாக உடைந்தன. பன்னிரண்டு. பதினைந்து. பதினாறு.

பதினேழாவதைச் சட்டி விளிம்பில் தட்டப்போன கை நின்றது. சோம் அக்கா முட்டையை நெருப்பு வெளிச்சத்துக்குத் தூக்கி மெல்லத் திருப்பினாள். சட்டியில் கொய்தியாவ் கருகத் தொடங்கியது. அந்தக் கடையில் அந்த வாசனை வந்து நான் அறிந்ததில்லை. டத்தோ எப்போது நாற்காலியை விட்டு எழுந்தான் என்று தெரியவில்லை. கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தான்.