சாப்பிட்டேன்பா

என் மகள் பிரேமளா மூன்று வாரமாக வேலைக்குப் போகாமல் படுத்தே கிடக்கிறாள். காய்ச்சலும் இல்லை, காதலும் இல்லை. "மலாஸ் பிடிச்சு, சோம்பேறியாக் கிடக்கிறியா?" என்று கத்தியும் பார்த்தேன். அசையவில்லை.

பத்து பகாட் நகரத்தில் ஒரு மனநல ஆலோசகரிடம் போய்க் கேட்டேன். "அறிவுரை வேணாம் அங்கிள். எப்படி இருக்குன்னு கேளுங்க. அப்புறம் பேசாம உட்காருங்க," என்றார். இதைச் சொல்லவா படித்தார் என்று எரிச்சல் வந்தது.

வீட்டுக்கு வந்து அவள் கட்டிலோரம் உட்கார்ந்தேன். வாயில் வந்தது தினமும் கேட்கும் கேள்விதான்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்பா."

வழக்கமாக அதோடு எழுந்து போய்விடுவேன். இன்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே, "சாப்பிடலப்பா," என்றாள். "ஏன்னு எனக்கே தெரியல."

எனக்கும்தான் தெரியவில்லை. ஆனாலும் எழுந்து போகவில்லை.