ஆந்தை இறகு கட்டிய கேமரா

அல்மாட்டியில் வேலை பார்க்கும் மகள் புதுக் கேமரா அனுப்பியிருந்தாள். "ஏரிக்கு அன்னம் வந்திருக்குமே, எடுத்து அப்பாவுக்குக் காட்டும்மா" என்றாள் போனில்.

என் வீட்டுக்காரர் தோலேகன் பனிக்காலத்தில் குதிரையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர். எலும்பு கூடிவிட்டது, தடி ஊன்றி நடக்காவிட்டால் இனி படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியும் சுவரைப் பார்த்தே கிடந்தார். வசந்தம் வந்தால் அன்னம் பார்க்க முதல் ஆளாக ஓடுகிற மனிதர். அந்த ஆசையைக் கிளப்பினால் எழுந்துவிடுவார் என்று நம்பினேன்.

கேமராவை டப்பாவிலிருந்து எடுப்பதற்குள், கழுகுக்கு மூக்கில் வேர்த்ததுபோல், மூத்த ஓரகத்தி ரவுஷான் வந்துவிட்டாள். தொட்டிலோ காரோ, புதிதாக எது வந்தாலும் கண்ணேறு கழிய ஆந்தை இறகு கட்டுவது எங்கள் கசாக் வழக்கம். அவள் ஒரு கொத்தை லென்ஸின் விளிம்பிலேயே கட்டினாள்.

"அங்க எதுக்குக்கா? மறைக்காதா?"

"பார்க்கிறவன் முதல்ல இறகத்தான்டி பார்க்கணும். படம் பெருசா, கேமரா பெருசா?"

அவளோடு வாயாடி ஜெயித்தவர் இந்த ஊரில் இல்லை.

தினமும் விடியலில் நாணலுக்குள் போய் உட்கார்ந்தேன். காற்றில் இறகு படபடக்கும், பறவைகள் கிளம்பிவிடும். அன்னம் எடுக்கப் போய் வாத்தாகி, வாத்தும் போய் வெறும் தண்ணீர். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். எல்லாப் படத்திலும் ஓரத்தில் அந்த இறகு ஒரு பழுப்புக் கறையாக வேறு. அவிழ்த்து எறியலாம். ஆனால் படுத்திருப்பவரை வீட்டில் வைத்துக்கொண்டு அந்த இறகில் கை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஒரு காலையில் மஞ்சள் வாலாட்டிக் குருவி ஒன்று அந்த இறகை ஆந்தையென்றே நினைத்து என் முகத்துக்கு நேரே வந்து கத்தியது. எதிரே ஒரு தண்டில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, அலகைத் திறந்து ஒரே வசவு. சட்டென்று பொத்தானை அழுத்தினேன். கண்மணி வரை தெளிவாக விழுந்துவிட்டது!

வீட்டில் ரவுஷான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். படத்தை அவர் முகத்துக்கு முன் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"ஏய், இது நம்ம அண்ணிடி!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பனிக்காலத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

ரவுஷான் கெண்டியை டொக்கென்று வைத்தாள். "அப்படியா தம்பி? எந்திரிச்சு ஏரிக்கு வா. அதையும் என்னையும் பக்கத்துல நிறுத்திப் பார்த்துட்டுச் சொல்லு. துப்பு இல்லைன்னா அந்தச் சுவத்தையே கட்டிக்கிட்டு அழு."

"கம்ஷாத், தடிய எடு" என்றார் என்னிடம்.

வாசலைத் தாண்டுவதற்குள் ரவுஷான் தடியிலும் ஒரு இறகு கட்டிவிட்டாள். "எந்திரிச்சு நடக்கிறவனப் பார்த்து ஊரே கண்ணு வைக்கும்" என்றாள். அப்போது அவள் குரல் உடைந்திருந்தது.

ஏரிக்கரையில் அவர் நின்றார். இரண்டு இறகுகளையும் பார்த்துப் பறவைகள் எல்லாம் ஓடிவிட்டன. அன்னங்கள் தூரத்தில் வெள்ளைப் புள்ளிகள். நான் அவற்றை எடுக்கவில்லை, அவரை எடுத்தேன்.

மகளுக்கு அனுப்பினேன். அழுது முடித்துவிட்டு, "ஓரத்துல என்னம்மா கறை? அழிச்சிடவா?" என்று கேட்டாள்.

"அது உன் பெரியம்மாடி. இருக்கட்டும்" என்றேன்.