ஒரு வாய் அரிசி

லேபிலிருந்து ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தபோது செந்தில்வேல் மூன்றாவது அவித்த முட்டையில் இருந்தார். ரிப்போர்ட் வந்தது அவர் போனுக்கு இல்லை. ஆம்பிளைகள் கையில் அந்த மாதிரிக் காகிதத்தை நம்பிக் கொடுக்கக்கூடாது என்பது மனைவி அனுசியாவின் கட்சி. லேபில் தன் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். அடுப்படி வாசலில் நின்றபடி திரையை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததுமே அவர் முட்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

“எட்டே முக்கா,” என்றாள்.

“என்னது?”

“மூணு மாசத்துச் சுகரு. போன தடவ ஏழு. இறங்குன சுகரு திரும்ப ஏறியிருக்கு.” போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். “எங்க வச்சித் திங்கிய?”

“நானா? ஏளா, கோட்டியா ஒனக்கு? ஒரு பருக்க சோறு தொட்டிருப்பனா?”

“அப்ப பரோட்டாவா?”

“எங்கப்பா காலு மேல சத்தியமாச் சொல்லுதேன், நான் ஒண்ணும் திங்கல.”

“இல்லாத காலு மேலயா சத்தியம் பண்ணுதிய?” என்றாள் அனுசியா. சிரிக்க வைக்க அவள் அதைச் சொல்லவில்லை.

பெரியவர் தாணுலிங்கத்துக்குக் கடைசி நாலு வருஷம் இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. சர்க்கரை கொண்டுபோய்விட்டது. ஆட்டோவில் வந்து இறங்கி, இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு அரிசி மண்டிக்குள் வந்து கல்லாவில் உட்காருவார். மகன் செந்தில்வேலுக்கு இப்போது ஐம்பத்து நாலு. இடது கால் கட்டைவிரலில் ஒரு புண். ஐப்பசியில் மூட்டை இடித்தது, தை பிறந்தும் ஆறவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சுகர் இறங்கினால்தான் இது ஆறும், இறங்கவில்லையென்றால் உங்க அப்பா கதைதான் அண்ணாச்சி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த மனுஷனுக்கு நாக்கு அப்படி. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை என்பது செந்தில்வேலுக்குத் தெரியும். ராத்திரி தூக்கம் வராதபோதெல்லாம் போர்வைக்குள் கையை விட்டு, அந்த விரலில் உணர்ச்சி இருக்கிறதா என்று கிள்ளிப் பார்த்துக்கொள்வார்.

சோற்றை விட்டு ஏழு மாதமாயிற்று. சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி, கருப்பட்டிக் காப்பி எல்லாவற்றுக்கும் முழுக்கு. முதல் மூன்று மாதம் ராஜா மாதிரி இருந்தார். சட்டை தொளதொளத்தது, சுகர் பத்திலிருந்து ஏழுக்கு வந்தது, அந்த ரிப்போர்ட்டை மார்க்கெட் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தார். அரிசி விக்கிற அண்ணாச்சி அரிசி திங்க மாட்டாராமே என்று ஊர் சிரித்தது. அவரும் கூடச் சிரித்தார். அதற்கப்புறம்தான் பிடித்தது சனியன். ஒரு வாரம் விரதம் இருக்கலாம். மாலை போட்டு ஒரு மண்டலம் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு உண்டு, மாலையைக் கழற்றினால் சோறு கிடைக்கும். இது எப்போது முடியும் என்று டாக்டரிடம் கேட்டதற்கு, இது முடியிறதில்ல அண்ணாச்சி, இனிமே இதுதான் உங்க சாப்பாடு என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது யாரோ வெளியிலிருந்து கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. காலிஃபிளவரைத் துருவி அவித்து வட்டிலில் குவித்து வைத்து, இந்தாங்க சோறு என்றால் அரிசி மண்டிக்காரன் நாக்கு ஏமாறுமா? சீலா மீன் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் குடிக்கும்போது அவருக்கு அழுகை வரும். அந்தக் குழம்பு சோற்றுக்காகவே பிறந்தது. கல்யாண வீடுகளில் பந்திக்குக் கூப்பிடுகிற நேரம் பார்த்து வெளியே போய் நின்று யாருக்காவது போன் போடுவார்.

இதில் அனுசியா பாடு தனி. அவளுக்கு ஒரு வியாதியும் கிடையாது. ஒரே அடுப்பில் இவருக்குக் காலிஃபிளவரும் தனக்குச் சோறும் வைத்து, அவர் கண் முன்னால் பிசைந்து தின்ன மனசு வராமல் அவளும் நிறுத்திவிட்டாள். காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் இல்லாமல் எழுந்து நடமாட மாட்டாத பொம்பளை. அவளுக்குச் சோற்றில் ஆசை, ஆனால் வேகாத அரிசியை வாயில் போட்டதே இல்லை என்று இன்றைக்கும் அடித்துச் சொல்லுவாள். அதற்கொரு காரணம் உண்டு. அவர்கள் கல்யாணம் சித்திரை மாதம். தலை பிளக்கிற வெயிலில், தாலி கட்டி முடிக்கவும் கொட்டியது பார், அப்படி ஒரு மழை. தூத்துக்குடியில் சித்திரையில் மழையா! அரிசி தின்றவள் கல்யாணத்தில்தான் மழை பெய்யும் என்று மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும் அவளைக் கேலி பண்ணித் தீர்த்துவிட்டார்கள்.

“எனக்கா சுகரு?” என்று இப்போது கேட்டாள். குரல் உடைந்துவிட்டது. “நான் எதுக்குங்க பட்டினி கெடக்கேன்? ஒங்க காலு நிக்கணும்னுதான? நீங்க வெளிய தின்னுட்டு வந்து எங்கிட்ட முட்டைக்கி உப்பு கேக்கிய.”

திருடியவனுக்கு ஏச்சு விழுந்தால் உறைக்காது. திருடாதவனுக்கு என்ன வழி? சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

வழியில் பேக்கரி ரெக்சன் தட்டில் மக்ரூன் அடுக்கிக்கொண்டிருந்தவர், இவரைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். “என்ன அண்ணாச்சி, நேத்து அக்கா வந்து வெசாரிச்சாவ. அண்ணாச்சி இங்கன வந்து மக்ரூன் திங்காவளான்னு. நான் இல்லன்னுதான் சொன்னேன்.” உண்மையைச் சொன்னதற்கே ஏதோ காப்பாற்றிவிட்ட தோரணையில் கண்ணைச் சிமிட்டினார். மானம் கப்பலேறிவிட்டது. வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு தெருவில் இனி எங்கே நின்றாலும் நாலு கண் அவர் வாயைத்தான் பார்க்கும்.

உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முந்தி ஜெபசிங் மண்டிக்கு வந்தான். ஹார்பர் போகிற ரோட்டில் லாரி டிரைவர்களுக்கு மெஸ் நடத்துகிறவன், பழைய வாடிக்கை. “நல்ல பழசாப் பாத்துக் குடுங்க அண்ணாச்சி. போன தடவ வேற எடத்துல வாங்கி, வடிச்சா களியாப் போச்சி.”

செந்தில்வேல் குத்தூசியை எடுத்தார். கூரான அந்த இரும்புக் குழலை மூட்டையின் வயிற்றில் குத்தினால் உள்ளே கிடக்கிற அரிசி வழிந்து உள்ளங்கைக்கு வந்துவிடும். வந்ததை வெளிச்சத்தில் பார்த்து, கட்டைவிரலால் உருட்டி, வாயில் போட வேண்டும். நொறுக்கென்று உடைந்தால் பழசு. பல்லில் ஒட்டினால் புதுசு. முப்பது வருஷமாக அந்தக் கை தானாகப் போகிறது.

“நீங்க சோத்த விட்டுட்டியளாமே,” என்றான் ஜெபசிங். “எப்படித்தான் இருக்கியளோ. என்னால ஒரு வேள முடியாது.”

“பழகிட்டா ஒண்ணும் இல்லடே,” என்றார் செந்தில்வேல்.

வார்த்தை கொழகொழவென்று வந்தது. வாய் நிறைய அரிசி.

அப்படியே நின்றார். அரைபட்ட அரிசி மாவாகி, மாவு இனிப்பாகி, நாக்கடியில் இறங்கிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் நாலைந்து மணிதான் போடுவார். இது எப்போது ஒரு பிடியாயிற்று? காலையில் கடை திறந்ததும் ஒரு பிடி. மூட்டைக்கு மூட்டை ஒரு பிடி. மத்தியானம் அந்தக் காலிஃபிளவரைத் தின்றுவிட்டு ஆள் இல்லாத கடையில் உட்கார்ந்திருக்கும்போது, மாதிரிக்கு வைத்திருக்கிற தட்டுகளில் இந்தக் கை மேய்ந்துகொண்டே இருக்கும். அந்த முதல் மூன்று மாதம் கழிந்ததிலிருந்து கை பெரிதாகிவிட்டது. கூட்டினால் ஒரு குடும்பத்துக்கு உலை வைக்கலாம். யாத்தாடி! அதைத் தின்பது என்று அவர் நினைத்ததே இல்லை. தராசு பிடிக்கிற மாதிரி, சாக்கு தைக்கிற மாதிரி, அது வேலை.

கல்லாவுக்கு மேலே அப்பா படம். மாலை போட்ட கண்ணாடிக்குள்ளிருந்து தாணுலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷனும் இப்படித்தான் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். கால் போவதற்கு முந்தின ஒரு வருஷம் வீட்டில் இரண்டு சப்பாத்தியோடு எழுந்துவிடுவார். நான் ஒண்ணும் திங்கலட்டி, நான் ஒண்ணும் திங்கலட்டி என்று அம்மாவிடம் கெஞ்சுவார். அம்மா நம்பவில்லை. செந்தில்வேலும் நம்பவில்லை. கால் போன பிறகும் இதே கல்லாவில் உட்கார்ந்து, இதே மாதிரி உள்ளங்கை அரிசியை வாய்க்குள் எறிந்துகொண்டார். எத்தனை ஆயிரம் தடவை செந்தில்வேல் அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்! அய்யோ, என் அப்பா. பொய் சொல்லாமலே, பொய்யன் என்ற பேரோடு செத்துப் போனார். செந்தில்வேலுக்குக் கண் கலங்கியது.

“என்ன அண்ணாச்சி, அரிசியில கல்லு கெடக்கா?”

“இல்லடே. நல்ல பழசுதான்.” வாயிலிருந்ததை விழுங்கினார். வேறென்ன செய்ய? கடைக்குள் அரிசியைத் துப்பக்கூடாது. துப்பினால் கடை விளங்காது. அப்பா அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் தொழில் பாடம் அதுதான். சின்ன வயதில் ஒரு தரம் துப்பிவிட்டு வாங்கிய அறை இன்னும் கன்னத்தில் இருக்கிறது.

“அடுத்த மூட்டையும் பாத்துருங்க. மொத்தம் பத்து வேணும்.”

“நீயே கடிச்சிப் பாரு.”

“எனக்கு என்ன தெரியும்? ஒங்க பல்லுக்குத்தான அண்ணாச்சி நான் துட்டு குடுக்கேன்.”

அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். மூட்டை தூக்குகிற அற்புதமணியிடம் கொடுக்கலாமா? பொயிலை போட்டுப் போட்டு அவனுக்கு நாக்கு செத்து வருஷமாச்சு. எதிரும் புதிருமாக உத்தரம் வரைக்கும் மூட்டை. நடுவில் ஒரு ஆள் நடக்கிற சந்து. ஒவ்வொரு மூட்டையும் இவர் வாய்க்காகக் காத்துக்கொண்டிருந்தது. கடித்தால் கால் போகும், கடிக்காவிட்டால் கடை போகும். கடிக்கத் தெரியாத அரிசி மண்டிக்காரனிடம் எவன் வருவான்? ஜெபசிங் அடுத்த மூட்டையைத் தட்டிக் காட்டினான். குத்தூசி இறங்கியது. உள்ளங்கை நிறைந்தது. கொஞ்சம் போதும், நாலு மணி போதும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் கையைத் தூக்கினார். அத்தனையும் வாய்க்குள் போய்விட்டது.

அந்நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அனுசியா சாப்பாட்டுக் கேரியரோடு இறங்கினாள். மத்தியானச் சாப்பாட்டை ஆள் விட்டு அனுப்புகிறவள் இன்றைக்குத் தானே வந்திருந்தாள். எதற்கென்று அவருக்குத் தெரியாதா? தெருவில் இரண்டு பக்கமும், ஓட்டல் வாசல், டீக்கடை வாசல் எல்லாம் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

“சாப்பிட வாங்க,” என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

“ஒங்களத்தான். ஏன் பேச மாட்டேங்கிய?” பக்கத்தில் வந்தாள். தாடை மெல்ல அசைவதைப் பார்த்தாள். உதட்டோரம் வெள்ளையாக மாவு. “வாயில என்ன?”

“அரிசி பாக்காவ அக்கா,” என்றான் ஜெபசிங் உற்சாகமாக. “அண்ணாச்சி கடிச்சிச் சொன்னா அதுக்கு அப்பீலே கெடையாது.”

“தெனமுமா?”

“தெனமுந்தான். நான் வாரப்பெல்லாம் மென்னுக்கிட்டுத்தான் இருப்பாவ.” இரண்டு பேர் முகத்தையும் பார்த்தவன், ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று புரிந்து மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அனுசியா குத்தூசியைப் பார்த்தாள். மாதிரித் தட்டுகளைப் பார்த்தாள். கல்லாவுக்கு மேலே மாமனாரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கத்துவாள் என்று செந்தில்வேல் நினைத்தார். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“அன்னைக்கி மண்டபத்துல எல்லாரும் என்னைய ஏசுனாவ,” என்றாள். “பிள்ளைய அரிசி திங்க விட்டு வளத்திருக்கான்னு எங்கம்மைய ஏசுனாவ. எங்கம்ம அழுதா. மாலையும் கழுத்துமா பக்கத்துல நின்னுக்கிட்டு நீங்களும் சிரிச்சிய.” அவர் உதட்டோரத்து மாவைப் பார்த்தாள். “அந்த மழை ஒங்களுக்குப் பேய்ஞ்ச மழையா?”

அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. கண்ணிலிருந்து பொசுக்கென்று நீர் இறங்கியது.

அனுசியா கேரியரைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, மண்ணைத் தின்ற பிள்ளைக்கு நீட்டுகிற மாதிரி உள்ளங்கையைக் குழித்து அவர் தாடைக்குக் கீழே கொண்டுவந்தாள்.

“தரையில வேண்டாம். என் கையில துப்புங்க.”

ஜெபசிங்கும் அற்புதமணியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செந்தில்வேல் அப்பா படத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து வாயைத் திறந்தார். நாக்கால் கன்னத்துக்குள் துழாவினார், கடைவாயில் துழாவினார். ஒன்றுமில்லை. எப்போது விழுங்கினார் என்று அவருக்கே தெரியவில்லை. அனுசியாவின் கை அவர் தாடைக்குக் கீழே குழிந்தபடியே இருந்தது.