அதிபருக்கு வாய்த்த கைகள்

அரசுத் தொலைக்காட்சியில் அதிபர் பேசும்போதெல்லாம் திரையின் ஓரத்துச் சின்னக் கட்டத்தில் அவளும் வருவாள். காது கேளாதவர்களுக்கு அவர் பேச்சைச் சைகையில் சொல்லும் வேலை. அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு: அவர் "நான்" என்றால் இவள் தன் நெஞ்சைத்தான் தொட வேண்டும். "அவர் இப்படிச் சொல்கிறார்" என்று நழுவக் கூடாது.

அன்று என்ன பேசப்போகிறார் என்று யாரும் சொல்லவில்லை. வழக்கமான பெருமைப் புராணம்தானே என்று கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு போய் நின்றாள். அதிபர் தொண்டையைச் செருமிச் சிரித்தார். அந்தச் சிரிப்பே அவளுக்கு ஆகாது.

அரசியல் சட்டம் தனக்கு அளித்த அதிகாரம் என்று ஆரம்பித்தார். தாய் தகப்பனில் ஒருவர் எல்லைக்கு அப்பால் பிறந்திருந்தாலும் பிள்ளைக்கு இனிக் குடியுரிமை கிடையாது, வரும் தேர்தலில் ஓட்டும் கிடையாதாம். நாடாளுமன்றத்தைக் கேட்டாரா, நீதிமன்றத்தைக் கேட்டாரா? எவரைக் கேட்க வேண்டும், நாடே அவர் வீட்டுக் கொல்லைப்புறம்தானே!

அவள் கணவன் காது கேளாதவன். பல்செட் செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். அவன் அம்மா கல்யாணமாகி எல்லை தாண்டி வந்தவள். அவனை இங்கேதான் பெற்றாள். பெண்டாட்டி திரையில் வந்தால் கையிலிருக்கும் பல்லைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பான். இப்போதும் பார்த்துக்கொண்டிருப்பான்.

"உங்கள் குடியுரிமையை நான் ரத்து செய்கிறேன்," என்றார் அதிபர், நாக்கூசாமல்.

சனியன் பிடித்த கை, பழக்கதோஷத்தில் நெஞ்சுக்குப் போய்விட்டது. நான் என்று தன்னைத் தொட்டாள். உங்கள் என்று காமிராவை நேராகச் சுட்டினாள். பிசிறில்லாமல் செய்து முடித்தாள். ஒரு விரலை அந்த ஆள் பக்கம் திருப்பியிருந்தால்கூடப் போதுமே என்று பிறகுதான் உறைத்தது. கழிப்பறைக்கு ஓடினாள். கையை எத்தனை தேய்த்துக் கழுவியும் அருவருப்பு போகவில்லை.

வீட்டில் அவன் சண்டை போடவில்லை. போன தேர்தலில் கால்கடுக்க வரிசையில் நின்று இதே புண்ணியவானுக்குத்தான் ஓட்டுப் போட்டவன் அவன். வேண்டாம் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்கவில்லை. இப்போது நிதானமாகக் கையால் கேட்டான்.

"என் ஓட்டு செல்லாதுன்னா, அதுல ஜெயிச்சவன் மட்டும் எப்படிச் செல்லுவான்?"

இந்தக் கேடுகெட்ட பிழைப்பு இனி வேண்டாம் என்று அப்போதே தயாரிப்பாளருக்குப் போன் போட்டாள். நாளையிலிருந்து வர முடியாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று படபடவென்று சொல்லி முடித்தாள். அந்த மனுஷன் கோபிக்கவே இல்லை.

"பரவாயில்லை மேடம். இன்னைக்கு எடுத்ததையே தேர்தல் வரைக்கும் மணிக்கொரு தடவை போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அவ்வளவு தெளிவாப் பண்ணியிருக்கீங்க."

போனை வைத்தாள். என்ன சொன்னார்கள் என்று கணவன் கேட்டான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் கையை அசைத்தாள்.

"பாராட்டினாங்க."