மெல்ல இறங்கச் சொல்லும் இங்கிலீஷ்

கோவிந்தன் புளியமரத்தின் உச்சிக் கவட்டையில் கால் ஊன்றி நின்றுகொண்டிருந்தான். கீழே ஒரு கையில் கூடையும் மறு கையில் புத்தகமுமாக நின்ற அவன் பெண்டாட்டி செந்தாமரை அண்ணாந்து பார்த்து, "கோ ஸ்ட்ரெய்ட் அப்!" என்று கத்தினாள்.

"இன்னாடி சொல்ற?"

"நேரா மேல ஏறுங்க!"

"இதுக்கு மேல எங்க ஏறுறது? வானம்தான் கீது."

அவள் சிரித்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். அவன் ஒரு கிளையை உலுக்கினான். உதிர்ந்த பழங்களில் பாதி அவள் தலைமேல்தான் விழுந்தன.

செந்தாமரை மலையடிவாரத்தில் அமிர்திப் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். பத்தாவதில் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி, இங்கிலீஷில் மட்டும் இரண்டு மார்க்கில் கோட்டை விட்டவள். கல்யாணம் ஆகி மலைக்கு வந்தபிறகு அதை யாரும் நினைக்கவில்லை, அவளைத் தவிர. இப்போது ஊரில் பால்வாடிக்குக் கட்டடம் எழுந்து சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. கீழிருந்து வந்த டீச்சரம்மாக்கள் குளிருக்கும் அட்டைப்பூச்சிக்கும் பயந்து ஒரு மாதம்கூடத் தங்காமல் ஓடிப்போனார்கள். உள்ளூரிலேயே பத்தாவது பாஸ் செய்தவள் இருந்தால் அவளுக்கே வேலை என்று ஆபீசர் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி அவள் டிரங்குப் பெட்டியைக் குடைந்து பழைய புத்தகத்தை எடுத்ததைக் கோவிந்தன் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தான்.

மனப்பாடம் அவளுக்கு ஏறவில்லை. புத்தகத்தில் பக்கம் பக்கமாக வாக்கியங்கள் இருந்தன. ஏறு, இறங்கு, எடு, வை எல்லாவற்றுக்கும் அங்கே அப், டௌன், ஆன் என்று ஒரு வால் உண்டு. வாலுக்குப் பின்னால் மெதுவா, கெட்டியா, ஜாக்கிரதையா என்று இன்னொரு வால். படித்தால் மறந்தது. ஒருநாள் அவன் மரத்திலிருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே "கம் டௌன் ஸ்லோலி" என்று முணுமுணுத்தாள். அது மறுநாளும் மறக்கவில்லை. அதிலிருந்து மரம்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம். புளி உலுக்கும் காலம் வேறு. அவன் கிளையைப் பற்றினால் "ஹோல்ட் ஆன் டைட்லி" என்பாள். கொக்கிக்கம்பைக் கீழே வைத்தால் "புட் இட் டௌன் ஜென்ட்லி" என்பாள். கொஞ்சநாளில் கோவிந்தனுக்குக் குறும்பு பிடித்துக்கொண்டது. பாதி ஏறி, திடீரென்று நின்று, திரும்பி, ரெண்டடி இறங்கி, "இப்ப சொல்லு பாக்கலாம்" என்பான். அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு திணறுவாள். ஒரு எழுத்துகூடத் தெரியாதவன் பரீட்சை வைக்கிறேன் என்று மரத்தில் உட்கார்ந்து கால் ஆட்டுவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அவன் கொடுத்து வைத்தவன்தான்.

"இந்த ரைட்டுனு ஒண்ணு கீதுங்க. சிட் டௌன்ல போயி நடுவுல புகுந்துக்குது. சிட் ரைட் டௌன். ஸ்லோலி, டைட்லியெல்லாம் கடைசியில ஒழுங்கா நிக்குது."

"பஸ்ல எங்கம்மா நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல உக்கார்ற மாதிரின்னு சொல்லு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமியார் அம்மாக்கண்ணு அப்போது பத்தடி தூரத்தில் புளி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அம்மாக்கண்ணுவுக்கு இந்தக் கூத்து துளியும் பிடிக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கோவிந்தன் பெண்டாட்டி அவனை இங்கிலீஷில் வேலை வாங்குகிறாள், அவனும் ஏறு என்றால் ஏறுகிறான் என்று தண்ணிக் குழாயடியில் பேச்சு. கேட்டுவிட்டு வந்தவள் மருமகளை நிறுத்தினாள்.

"ஏன்டி, கம்டௌனு கம்டௌனுன்றியே, அதுல 'ங்க' எங்கடி கீது?"

"இங்கிலீஷ்ல 'ங்க' கிடையாது அத்தை."

"மரியாத இல்லாத பாஷை. அதப் படிச்சி நீ யாருக்குச் சொல்லிக் குடுக்கப் போற?"

ஆனாலும் ஒரு விஷயத்தில் மாமியாரும் மருமகளும் ஒரே கட்சி. மரத்தின்மேல் இருக்கிறவனை அவசரப்படுத்தக் கூடாது. அந்த ஊரில் அது எழுதாத சட்டம். அதிலும் அம்மாக்கண்ணு வீட்டில் அதற்குக் காரணம் இருந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு நாளில் அவள்தான் புருஷனைப் பார்த்து, "சீக்கிரம் இறங்குய்யா" என்று கத்தினாள். அவர் சீக்கிரமாகத்தான் வந்து சேர்ந்தார், கிளையோடு. அதன்பின் அவர் சாகிறவரை கம்பு ஊன்றித்தான் நடந்தார். பதறிய காரியம் சிதறும் என்று அம்மாக்கண்ணு யாருக்கும் புத்தி சொன்னதில்லை. சீக்கிரம் என்ற சொல்லையே விட்டுவிட்டாள். புத்தகத்தில் "கம் டௌன் குவிக்லி" என்று ஒரு வரி இருந்தது. மற்ற எல்லா வரியையும் மரத்தடியில் கத்திப் படித்த செந்தாமரை, அந்த ஒரு வரியை மட்டும் கத்தவில்லை. விரலால் தடவிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். கோவிந்தன் கேட்டதற்கு, "அது ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.

பரீட்சை திருப்பத்தூரில். கோவிந்தன் கூடவே போய் பள்ளிக்கூடத்து வாசலில் வேர்க்கடலை தின்றபடி உட்கார்ந்திருந்தான். மணி அடித்து அவள் வெளியே வந்தபோது முகம் நன்றாகத்தான் இருந்தது. மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னாச்சி?"

"ஒரு கேள்விங்க. அண்ணங்காரன் மரத்துமேல கீறான். ரோட்டுல பஸ் வந்து நிக்குது. தங்கச்சி கூப்புடறா. கம் டௌன்னு போட்டுப் பக்கத்துல கோடு. சீக்கிரம்னுதான் எழுதணும். பஸ் நிக்குதில்ல? எனக்கும் தெரியுது. கை எழுத மாட்டேன்னுடுச்சி."

"அப்பறம்?"

"ஸ்லோலின்னு எழுதிட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள். போன தடவை போனதே ரெண்டு மார்க்கு என்றாள். இதுவும் போச்சே என்றாள். கோவிந்தனின் அப்பாவை அவள் பார்த்ததுகூட இல்லை. பார்க்காத மனுஷனுக்காகவும், மரத்தில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்த தனக்காகவும் ஒரு மார்க்கைக் கோட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறாளே என்று நினைத்தான். அதை எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. இங்கிலீஷிலும் தெரியாது, தமிழிலும் தெரியாது.

"பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு வரும்" என்றான். "நீ எழுதனதுதான் சரி."

வீட்டுக்கு வந்ததும் அம்மாக்கண்ணுவிடம் அவன்தான் இதைச் சொன்னான். அன்றைக்குச் சாமைச்சோற்றின்மேல் மருமகளுக்கு ஒரு கரண்டி நெய் கூடுதலாக விழுந்தது. அதற்கப்புறம் 'ங்க' எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

புளி முடிந்து பலா பழுக்கும் காலம் வந்தது. ரிசல்ட் பேப்பரில் வரும் நாள் என்று கேள்விப்பட்டு, செந்தாமரை ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு விடிந்ததுமே போய்விட்டாள். வீட்டில் இருந்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும் என்று கோவிந்தன் பலாமரத்தில் ஏறிவிட்டான். காயைக் கயிற்றில் கட்டி அவன் மெல்ல இறக்க, அம்மாக்கண்ணு கீழே கைநீட்டி வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பெரிய காய் ஒன்றைக் கட்டி இறக்கிக்கொண்டிருக்கும்போதுதான் வரப்பில் செந்தாமரை ஓடி வருவது தெரிந்தது. முந்தானை ஒரு பக்கம் பறந்தது. கையில் பேப்பர். மரத்தடிக்கு வந்ததும் சட்டென்று நின்றாள். அண்ணாந்து அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூச்சு வாங்கியது. மறுபடி மூடிக்கொண்டாள். ஓடி வந்ததில் அப்படி ஆனதா, வேறு எதனாலா என்று அவ்வளவு உயரத்திலிருந்து தெரியவில்லை.

"இன்னாச்சி?" என்று கேட்டான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், முதலில் இறங்குங்கள் என்பதுபோல.

அம்மாக்கண்ணு மருமகள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மகனை அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்.

"கம் டௌன் ஸ்லோலிடா!"

கோவிந்தனுக்குச் சிரிப்பு வந்தது. கயிற்றைக் கிளையில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, அடுத்த கவட்டையைக் காலால் துழாவினான். கீழே இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதி வழியில் நின்றுபோன பலாக்காய் அவர்கள் தலைக்கு மேலே மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.